தறிவீட்டு ஒயரும் ஓயாத எந்திரமும்

ஆரணியிலும் அதைச் சுற்றியுள்ள சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற ஊர்களிலும் பட்டுத்தறி போட்டிருக்கும் வீட்டின் மின்சாரத் தேவையைக் கணக்கிடப் பெரிய படிப்பு வேண்டாம். தறிக்கு மேல் 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு ஒன்று. 75 வாட் மின்விசிறி ஒன்று. தார் சுற்ற ஒரு சின்ன மோட்டார். சில வீடுகளில் ஜக்கார்ட் பெட்டியைத் தூக்க இன்னொரு மோட்டார். அப்புறம் டி.வி., பிரிட்ஜ், காலையில் கொஞ்ச நேரம் மிக்சி, எப்போதாவது இஸ்திரிப் பெட்டி. இத்தனையும் ஒரே நேரத்தில் ஓடுவது அபூர்வம். குழித்தறியில் இறங்கி நெய்கிறவர் சாப்பாட்டுக்கு எழுந்தால் விளக்கும் விசிறியும் அணைந்துவிடும். பாவு தீர்ந்து அடுத்த பாவைப் பிணைத்து முடிக்கும் வரை தறிக்கென்று மின்சாரமே பெரிதாகச் செலவாகாது. நம் வீடுகளின் ஒயரிங் இப்படி விட்டுவிட்டு வரும் சுமையை மனத்தில் வைத்துப் போடப்பட்டது.

பிட்காயின் மைனிங் எந்திரத்துக்கு ஓய்வு என்பதே கிடையாது. 2020இல் சந்தைக்கு வந்த ஆண்ட்மைனர் எஸ்19 புரோ என்ற எந்திரம் 3,250 வாட் இழுக்கும். காலை, மாலை, நள்ளிரவு என்ற பேதமில்லாமல் அதே அளவை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 78 யூனிட். இரண்டு மாத மின்கணக்கில் 4,680 யூனிட். பிட்காயின் வலையில் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பரிவர்த்தனைகளின் ஒரு தொகுதி அடைக்கப்படுகிறது. அதை அடைக்கத் தேவையான எண்ணை உலகம் முழுக்க எந்திரங்கள் ஊகித்துக்கொண்டே இருக்கின்றன. முதலில் கண்டுபிடித்தவருக்குப் பரிசு. நிறுத்திய நேரம் முழுக்க நஷ்டம் என்பதால் யாரும் நிறுத்துவதில்லை. இப்படிப்பட்ட எந்திரங்களில் மூன்று நான்கை ஒரு வீட்டில் வைத்தால் அந்த வீட்டு ஒயரிங் என்னவாகும் என்பதுதான் இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி.

ஆரணி மைனிங்குக்குப் பெயர்பெற்ற ஊர் இல்லை. பட்டுக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற ஊர். ஆனாலும் இந்தக் கேள்வியை ஆரணி வீட்டை வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 43.31 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை, 2019-20 கணக்கெடுப்பில் 35.22 லட்சமாகச் சரிந்தது. தறி இறக்கப்பட்ட வீட்டில் மிஞ்சுவது ஒரு காலி அறையும், வேறு வருமானம் தேடும் ஒரு இளைஞனும். மேலைநாட்டுப் பண்ணைகள் கழித்துக்கட்டிய பழைய மைனிங் எந்திரங்கள் கைமாறிக் கைமாறி மலிவாகக் கிடைக்கின்றன. “பிளக்கில் சொருகினால் போதும், தூங்கும்போதும் சம்பாதிக்கும்” என்று சொல்லும் காணொளிகளுக்கும் பஞ்சமில்லை. வீட்டுக்குள்ளேயே எந்திரம் வைத்துப் பிழைக்கும் வழக்கம் உள்ள ஊரில் இந்தப் பேச்சு சுலபமாக எடுபடும். அந்த இளைஞனுக்கு நேர்மையான கணக்கு ஒன்றைக் கையில் கொடுக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

2009 ஜனவரியில் பிட்காயின் தொடங்கியபோது சாதாரணக் கணினியே மைனிங்குக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த ஆண்டிலேயே கிராபிக்ஸ் கார்டுக்கு மாறினார்கள். 2013இல் இந்த ஒரு வேலையை மட்டுமே செய்யும் தனி எந்திரங்கள் வந்தன. வீட்டு ஒயரிங்குக்குச் சோதனைக் காலம் தொடங்கியது அப்போதுதான். ஈத்தரியம் நாணயத்தை கிராபிக்ஸ் கார்டு கொண்டு வீட்டில் எடுத்துவந்த பழக்கம் 2022 செப்டம்பர் 15 அன்று, அந்த வலை மைனிங்கையே கைவிட்டபோது, பெரும்பாலும் முடிவுக்கு வந்தது. இன்று வீட்டில் மைனிங் என்று பேசினால் அநேகமாக பிட்காயின் எந்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறோம்.

இனி ஒயருக்கு வருவோம். 3,250 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 14.1 ஆம்பியர். பழைய ஒயர்மேன்கள் இன்றும் “பதினஞ்சு ஆம்ஸ் பிளக்” என்று சொல்லும் பெரிய பிளக், இப்போதைய ஐ.எஸ். 1293 தரப்படி 16 ஆம்பியர். மேலோட்டமாகப் பார்த்தால் உள்ளே அடங்கிவிடுகிறது. கீசர்கூட அதே பிளக்கில்தானே ஓடுகிறது என்று தோன்றும். ஆனால் கீசர் கால் மணி நேரம் ஓடி, தண்ணீர் சுட்டதும் தானே நின்றுவிடும். ஏ.சி.யும் அறை குளிர்ந்ததும் இறங்கும். அந்த இடைவெளியில் ஒயரும் பிளக்கும் ஆறிக்கொள்கின்றன. மைனிங் எந்திரம் அந்த அவகாசத்தைத் தராது. அமெரிக்க மின்விதிகளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடரும் சுமையைத் தனி இனமாகப் பிரித்து, அதன் அளவைப்போல் 125 விழுக்காடு தாங்கும் வகையில் ஒயரும் பாதுகாப்பும் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நம்மூர் ஒயரிங்குக்கும் இந்த எச்சரிக்கை அப்படியே பொருந்தும். 14.1 ஆம்பியரை அப்படிப் பெருக்கினால் 17.6. பதினாறு ஆம்பியர் வழித்தடம் அங்கேயே தோற்றுவிடுகிறது.

ஒயர் கடையில் “ஒண்ணரை ஸ்கொயர்”, “ரெண்டரை ஸ்கொயர்”, “நாலு ஸ்கொயர்” என்று கேட்டு வாங்குகிறோம். அது செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். பி.வி.சி. உறை போட்ட ஒண்ணரை ஸ்கொயர் செம்பு ஒயர் குழாய்க்குள் போகும்போது சுமார் 14 ஆம்பியரும், ரெண்டரை சுமார் 18 முதல் 20 ஆம்பியரும், நாலு சுமார் 25 ஆம்பியரும் தாங்கும். இந்த எண்கள் ஒரு குழாயில் ஒரே ஒரு சுற்று போவதாக வைத்துச் சொல்லப்படுபவை. ஒரே குழாயில் மூன்று எந்திரங்களின் ஒயர்களை இழுத்தால் ஒன்றின் சூடு மற்றொன்றில் ஏறும். தாங்குதிறனை ஏறத்தாழ 0.7ஆல் பெருக்கிக் குறைத்துக்கொள்ள வேண்டும். ரெண்டரை ஸ்கொயரின் 18 ஆம்பியர் அப்போது 12.6க்கு வந்துவிடும். வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்து மே மாத வெயிலில் சிமென்ட் ஷீட்டுக்கு அடியில் ஓடும் குழாய் 40 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும்; அதற்காக இன்னும் கொஞ்சம் கழிக்க வேண்டும். சாதாரண பி.வி.சி. உறை தொடர்ந்து தாங்குவது 70 டிகிரி வரைதான். அதற்கு மேல் போனால் உடனே உருகிவிடாது. மாதக்கணக்கில் இறுகி, வெடித்து, கடைசியில் பொடியாக உதிரும்.

சுமை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. இருக்கிறதே, தாங்காவிட்டால் விழுந்துவிடுமே என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 16 ஆம்பியர் எம்.சி.பி. 18 ஆம்பியர் வரை ஒரு மணி நேரம் விழாமல் இருக்க வேண்டும் என்பது அதன் தரவிதி. 23 ஆம்பியர் போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். அதாவது 18 தாங்கும் ஒயரில் 23 ஆம்பியர் ஒரு மணி நேரம் வரை ஓடலாம்; எம்.சி.பி.யின் பார்வையில் அதில் குற்றமில்லை. இன்னொரு பக்கம், இந்த அளவெல்லாம் 30 டிகிரி சூட்டை அடிப்படையாகக் கொண்டவை. வெயில் காலத்தில் நான்கு எம்.சி.பி.கள் நெருக்கமாக ஒரே பெட்டியில் இருந்தால் உள்ளே 45, 50 டிகிரி ஆகும். அப்போது 14 ஆம்பியருக்கே அது விழத் தொடங்கும். அடிக்கடி விழுகிறதே என்று 32 ஆம்பியர் எம்.சி.பி.யை மாட்டிவிடுவார்கள். ஒயர் அதே ரெண்டரை ஸ்கொயராகவே இருக்கும். வீட்டு மின்தீக்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரிந்து இல்லை. பழைய பியூஸ் கேரியரில் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போட்ட காலத்தின் பழக்கம், எம்.சி.பி. வந்த பிறகும் வேறு உருவத்தில் தொடர்கிறது.

ஆனால் ஒயரைவிட இணைப்புகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஒயர் முழுநீளத்துக்கும் சூட்டைப் பரப்பிவிடும். தளர்ந்த இணைப்பு ஒரே புள்ளியில் சூட்டைக் குவிக்கும். ஒரு ஸ்குரூ சரியாக முறுக்கப்படாமல் அங்கே 0.1 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 14.1 ஆம்பியரின் வர்க்கத்தை 0.1ஆல் பெருக்கினால் 20 வாட். ரேடியோ ரிப்பேர்க்காரரின் 25 வாட் சாலிடரிங் அயர்னை ஸ்விட்ச் போர்டுக்குள் வைத்து மூடி, வருடம் முழுக்க எரியவிட்டதற்குச் சமம் அது. எம்.சி.பி. இதைக் காணாது, ஓடுவது அதே 14.1 ஆம்பியர்தானே. மின்கசிவு இல்லாததால், கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் காணாது. சூடு ஏற ஏற ஸ்குரூ இன்னும் தளரும், தடை இன்னும் கூடும். போர்டின் பிளாஸ்டிக் மஞ்சளாகி, மீன் வாடை போல ஒன்று வரும் கட்டத்தில்தான் வீட்டார் கவனிக்கிறார்கள்.

பழைய தெருக்களில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். மர ரீப்பரில் கிளிப் அடித்து இழுத்த ஒயரிங் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அவற்றில் பல அலுமினிய ஒயர். அலுமினியம் ஸ்குரூவின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகிக்கொடுக்கும். அதன் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. பின்னால் ஒரு அறை கட்டியபோது அதே ஒயரில் செம்பு ஒயரைக் கையால் முறுக்கி, டேப் சுற்றி நீட்டியிருப்பார்கள். விளக்குக்கும் விசிறிக்கும் அது நாற்பது வருடம் உழைத்திருக்கும். அந்த நாற்பது வருடமே வீட்டாருக்கு ஒரு தவறான தைரியத்தைத் தந்துவிடுகிறது.

அதே ஆண்ட்மைனர் வரிசையின் பழைய எஸ்9 எந்திரம் இங்கே தனிக் கவனம் வேண்டுவது. 2016இல் வந்த அது சுமார் 1,350 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் 5.9 ஆம்பியர். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் மயிரிழையில் அடங்கிவிடும். விலையும் மலிவு. எனவே தறிக்கு மேல் விளக்கு போட வைத்த பாயின்ட்டிலேயே சொருகிவிடத் தோன்றும். ஓடவும் செய்யும். அந்தப் பாயின்ட்டுக்கு ஒரு ஸ்கொயர் ஒயர் போட்டிருக்கலாம், அதே ஒயரில் மூன்று அறை விளக்குகள் தொங்கலாம் என்பதெல்லாம் வெளியே தெரியாது. எஸ்19க்கு வேறு சிக்கல். அதன் மின்வழங்கிக்கு இரண்டு பவர் கார்டு. ஒவ்வொன்றிலும் 7 ஆம்பியர் போகும். நம் கடைகளில் கணினிக்கென்று விற்கும் கார்டின் முனையில் இருப்பது 6 ஆம்பியர் பிளக். அதை இரண்டு வாங்கி ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகினால் பெட்டியின் வழியே 14 ஆம்பியர். மைனிங்குக்கு எக்ஸ்டென்ஷன் பெட்டியே கூடாது என்பேன். விதிவிலக்கு சொல்ல மாட்டேன். கிராபிக்ஸ் கார்டு வைத்து ஓட்டியவர்களுக்கு இதே பாடம் சின்ன அளவில் கிடைத்தது. ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் 54 வாட் வரை தாங்கும். அதிலிருந்து மின்சாரம் எடுத்த கார்டின் ஸ்லாட்டோ 75 வாட் வரை இழுக்கலாம். உருகிய கனெக்டர்களின் படங்கள் அந்த நாட்களில் உலகெங்கும் சுற்றின.

வோல்டேஜ் குறைந்தால் இழுப்பும் குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. குண்டு பல்புக்கு அது சரி. மங்கலாக எரியும், அவ்வளவுதான். மைனிங் எந்திரத்தின் மின்வழங்கி எப்படியும் தனக்கு வேண்டிய 3,250 வாட்டை எடுத்தே தீரும். 230 இருக்கும்போது 14.1 ஆம்பியர், மாலையில் தெருவே விளக்கு போட்டு 210க்கு இறங்கும்போது 15.5. இதோடு வீட்டுக்குள் ஒயரிலேயே கொஞ்சம் வோல்டேஜ் தொலையும். மெயினிலிருந்து பின்கட்டு அறைக்கு இருபது மீட்டர் என்றால், போக வர நாற்பது மீட்டர் ஒண்ணரை ஸ்கொயர் ஒயரின் தடை சுமார் 0.48 ஓம். 14.1 ஆம்பியரில் ஏறக்குறைய 7 வோல்ட் போய்விடும்; 96 வாட் சுவருக்குள் சூடாகும். நாலு ஸ்கொயர் போட்டால் இழப்பு மூன்று வோல்ட்டுக்கும் கீழே. பெரிய ஒயர் வாங்கிய காசு மின்கட்டணத்திலும் கொஞ்சம் திரும்பி வரும்.

தமிழ்நாட்டில் ஒற்றைப் பேஸ் வீட்டு இணைப்பின் உச்சவரம்பு 4,000 வாட். ஒரு எஸ்19 வைத்தால் மீதி 750 வாட். ஒரு மிக்சிக்குச் சரியாகப் போகும். இரண்டாவது எந்திரத்துக்கு மூன்று பேஸ் இணைப்பு கட்டாயம். மூன்று பேஸ் வந்தால் பேஸுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளலாம், நியூட்ரலில் ஓட்டம் ஏறத்தாழ சமமாகி அடங்கும். ஆனால் நம் தெருக்களில் எல்லாருக்கும் தெரிந்த “நியூட்ரல் போச்சு” என்ற அந்த நிகழ்வு இங்கே பெரும் சேதமாக முடியும். கம்பத்திலோ மெயினிலோ நியூட்ரல் அறுந்தால், சுமை குறைந்த பேஸில் வோல்டேஜ் 230ஐத் தாண்டி 400ஐ நோக்கி ஏறும். அந்தப் பேஸில் இருக்கும் டி.வி., பிரிட்ஜ், விளக்கு எல்லாம் புகையும். ஒரு பேஸில் இரண்டு மைனிங் எந்திரம், மற்றொன்றில் ஒரு விசிறி என்று கோணலாகப் பிரித்த வீட்டில் இந்த வேறுபாடு உச்சத்தில் இருக்கும். தெருவின் நியூட்ரல் என்றால் பக்கத்து வீடுகளுக்கும் அதே கதி. தெருவுக்கு ஒரு 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து எந்திரம் 32.5 கிலோவாட், ஒரே ஆள் அதில் மூன்றில் ஒரு பங்கை நாள் முழுக்கப் பிடித்து வைத்துக்கொள்வார்.

எர்த் பற்றி இரண்டு விஷயம். இந்த எந்திரங்களின் மின்வழங்கியில் இரைச்சலைத் தடுக்கும் சின்னக் கெபாசிட்டர்கள் உண்டு. அவை வழியாக ஒவ்வொரு எந்திரமும் ஒன்றிரண்டு மில்லிஆம்பியரை எர்த்துக்குக் கசியவிடும். பழுதல்ல, அமைப்பே அப்படி. எர்த் இல்லாத வீட்டில் அந்தக் கசிவு எந்திரத்தின் உலோக உடம்பில் நின்று, தொட்டால் சுருக்கென்று இழுக்கும். ஈரக்காலோடு தொடும் குழந்தைக்கு அது எப்படியிருக்கும் என்று யோசிக்க வேண்டும். எர்த் சரியாக இருக்கும் வீட்டில் வேறு தொல்லை: எந்திரங்கள் கூடக் கூடக் கசிவும் கூடி, வீட்டுக்கே ஒன்றாக மாட்டிய 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. பழுது எதுவும் இல்லாமலே விழுந்துகொண்டிருக்கும். எரிச்சலில் அதைக் கழற்றி நேரடியாக இணைத்துவிடுவார்கள். மனித உயிரைக் காக்கும் ஒரே கருவி அதோடு போய்விடும். எந்திரத்துக்கு ஒரு ஆர்.சி.சி.பி. என்று தனித்தனியாகப் போடுவதே வழி. எர்த் குழியும் பெயருக்கு ஒரு கம்பியைத் தரையில் அடிப்பதாக இருக்கக் கூடாது, ஐ.எஸ். 3043 சொல்வது போல் இரண்டரை மீட்டர் ஆழத்துக்குக் குழாய் இறங்க வேண்டும், கோடையிலும் மண் ஈரமாக இருக்க வேண்டும், ஆண்டுக்கொருமுறை அளந்து பார்க்க வேண்டும்.

இனி பட்டு. இழுத்த 3,250 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். ஒரு டன் ஏ.சி. அறையிலிருந்து வெளியேற்றும் சூடு சுமார் 3,500 வாட். ஏறக்குறைய அதே அளவை இந்த எந்திரம் அறைக்குள் கொட்டுகிறது. பட்டிழை தன் எடையில் 11 விழுக்காடு அளவுக்கு ஈரத்தை இயல்பாகப் பிடித்து வைத்திருக்கும் நூல். அந்த ஈரம் போனால் இழை முரடாகும், பாவில் அறுதல் கூடும். தறியைக் குழியில் இறக்கிப் போட்ட முன்னோரின் யோசனையில் தரையின் ஈரத்துக்கும் பங்கு உண்டு. பக்கத்து அறையில் இரண்டு எந்திரம் ஓடும் வீட்டில் தறி ஓட்டவே முடியாது என்று சொல்லிவிடலாம். தறி இறக்கிய வீட்டிலும் பட்டு நூல்தூசியும் நெல்தவிட்டுத் தூசியும் எந்திரத்தின் விசிறிகள் வழியே உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். சத்தம் 75 டெசிபல். குடியிருப்புப் பகுதிக்கு விதி அனுமதிப்பது பகலில் 55, இரவில் 45.

இத்தனைக்கும் பிறகு கிடைப்பது என்ன? 2024 ஏப்ரலில் பரிசு பாதியாகக் குறைந்தபின் உலகம் முழுக்க ஒரு நாளைக்கு உண்டாகும் புது பிட்காயின் 450. எத்தனை எந்திரம் சேர்ந்தாலும் இந்த எண் கூடாது, போட்டிதான் கூடும். 2025இன் நடுப்பகுதியில் வலையின் மொத்த ஊகிக்கும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 900 எக்சாஹாஷ் (ஒரு ஹாஷ் என்பது ஓர் ஊகம்). எஸ்19 புரோவின் வேகம் 110 டெராஹாஷ். இந்தப் பங்கைக் கணக்கிட்டால் இரண்டு மாதத்தில் சுமார் 0.0033 பிட்காயின், ஒரு பிட்காயின் ஒரு லட்சம் டாலர் என்று வைத்தாலும் சுமார் 28,000 ரூபாய். மின்கட்டணம்? 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணப்படி 1,000 யூனிட்டுக்கு மேல் யூனிட்டுக்கு 11.80 ரூபாய். 4,680 யூனிட்டுக்கு ஏறத்தாழ 50,000 ரூபாய். மலிவான எஸ்9இன் கணக்கு இன்னும் மோசம்: வரவு சுமார் 3,400, மின்கட்டணம் சுமார் 18,000. இதற்கு மேல் வரி. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 விழுக்காடு வரியும் அதன் மேல் செஸ்ஸும் உண்டு. மைனிங்குக்கு ஆன கட்டமைப்புச் செலவை வாங்கிய விலையாகக் கழிக்க முடியாது என்று ஒன்றிய அரசு அந்த மார்ச் மாதமே மக்களவையில் சொல்லிவிட்டது. நஷ்டப்பட்டவரும் வரி கட்ட வேண்டும்.

சரியான கட்டணம் கொடுத்தால் கட்டுப்படியாகாது என்றால், கட்டணம் இல்லாத மின்சாரத்தின் மேல் கண் போகும். ஆரணிக்கு இது வெறும் கற்பனை ஆபத்து என்று விட முடியாது. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டும் விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் இலவசம் என்று 2023இல் உயர்த்தப்பட்டது. ஒரு எஸ்19 அந்த 300 யூனிட்டை நான்கே நாளில் தின்றுவிடும்; 1,000 யூனிட்டைப் பதின்மூன்று நாளில். நெசவுக்குக் கொடுத்த இணைப்பில் வேறு வேலை செய்வது மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவின் கீழ் இருமடங்குக் கட்டணத்துக்கு வழிவகுக்கும். திருட்டென்று முடிவானால் 135ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. ஆனால் சட்டத்தைவிட எனக்கு வலிப்பது வேறு. நெசவாளர் சங்கங்கள் பல ஆண்டு கேட்டுக் கேட்டுப் பெற்ற சலுகை அது. நாலு வீட்டில் அது திசைமாறினால், உண்மையாக நெய்கிற நாற்பது வீட்டின் மீட்டர்மீதும் சந்தேகம் விழும்.

வெளியுலகம் இதை ஏற்கெனவே பட்டு அறிந்திருக்கிறது. மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் மிரி நகரக் காவல்துறை, 2021இல் மின்திருட்டில் ஓடிய 1,069 பிட்காயின் எந்திரங்களை ரோடு ரோலர் ஏற்றி நொறுக்கியது. கள்ள இணைப்புகளால் அங்கே வீடுகள் எரிந்ததாகவும் காவல்துறை அப்போது கூறியது. அமெரிக்காவின் பிளாட்ஸ்பர்க் என்ற சிறு நகரத்துக்கு மலிவான நீர்மின்சாரம் ஒரு குறிப்பிட்ட அளவு வரைதான் ஒதுக்கீடு. மைனர்கள் குவிந்து 2018 குளிர்காலத்தில் அந்த அளவைத் தாண்டவைத்தார்கள். வெளியிலிருந்து வாங்கிய மின்சாரத்தின் விலை சாதாரணக் குடும்பங்களின் பில்லில் ஏறியது. அந்த மார்ச்சில் நகரமன்றம் புதிய மைனிங்குக்குப் பதினெட்டு மாதத் தடை போட்டது. ஈரான் 2021 கோடையில் மின்வெட்டு தாங்காமல் மைனிங்கை நான்கு மாதம் நிறுத்தியது. 2012இல் மணிக்கணக்கான மின்வெட்டில் தறிகள் நின்றதை நினைவில் வைத்திருக்கும் தமிழ்நாட்டுக்கு இந்தச் செய்திகள் அந்நியமாகத் தோன்றக் கூடாது. மறுபக்கம் பூடான். மழைக்காலத்தில் மிஞ்சும் நீர்மின்சாரத்தை வைத்து அந்த அரசின் நிறுவனமே மைனிங் செய்கிறது. அணைக்கட்டுக்குப் பக்கத்தில், தனித் துணைமின்நிலையத்தோடு செய்வது ஒன்று. காற்றாலைகள் நிறைந்த நம் முப்பந்தலில் காற்று மிஞ்சும் மாதங்களுக்கும் அப்படி ஒரு யோசனையைப் பேசலாம். குடியிருக்கும் தெருவில், பத்து வீட்டுக்குப் பொதுவான கம்பியில் செய்வது முற்றிலும் வேறு.

சோலார் போட்டால் ஆகாதா என்றும் கேட்பார்கள். மூன்று கிலோவாட் கூரைத் தகடு, 78,000 ரூபாய் மானியத்தோடு கிடைப்பது, நம் வெயிலில் ஒரு நாளைக்குச் சுமார் 12 யூனிட் தரும். எந்திரத்துக்கு வேண்டியது 78. அதே 12 யூனிட் ஒரு நெசவாளர் குடும்பத்துக்கு மிச்சம்போகும்.

எல்லாம் தெரிந்தும் ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும் என்கிறவர் முதலில் மின்வாரிய அலுவலகத்துக்குப் போய், என்ன எந்திரம், எத்தனை வாட் என்று மறைக்காமல் எழுதிக்கொடுத்து, அதற்குரிய கட்டணப் பிரிவில் மூன்று பேஸ் தனி இணைப்பு கேட்க வேண்டும். உரிமம் உள்ள ஒயரிங் ஒப்பந்ததாரரைக் கொண்டு மெயினிலிருந்து எந்திரத்துக்கு ஒன்றாக, இடையில் முறுக்கு இணைப்பே இல்லாமல் நாலு ஸ்கொயர் செம்பு ஒயர் இழுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 20 ஆம்பியர் எம்.சி.பி., தனி ஆர்.சி.சி.பி., வீட்டுப் பிளக்குக்குப் பதில் தொழிற்சாலைகளில் போடும் 32 ஆம்பியர் உருளைப் பிளக். முதல் வாரம் முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட்டு எல்லா ஸ்குரூவையும் மறுபடி முறுக்க வேண்டும். ஆட்கள் தூங்கும் அறைக்கும் பட்டு நூல் வைக்கும் இடத்துக்கும் தள்ளி, புகையை உணரும் கருவியோடு தனி அறை வேண்டும். இந்தச் செலவையும் கூட்டிவிட்டு மேலே சொன்ன வரவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அந்தச் செலவில் ஒரு பகுதியை மைனிங்கே இல்லாத தறிவீட்டில் செய்யலாம். எர்த் குழி, ஒரு ஆர்.சி.சி.பி., தறிப்பக்கத்துக்கும் சமையலறைக்கும் தனித்தனிச் சுற்று, அலுமினிய ஒயர் இருக்கும் இடத்தில் செம்பு. ஜக்கார்ட் தூக்கும் மோட்டாரின் உலோகச் சட்டத்தில் நாள் முழுக்கக் கையும் காலும் பட்டுக்கொண்டிருக்கும் நெசவாளருக்கு இன்று எர்த் ஒயர் வந்து சேர்ந்திருக்கிறதா என்று எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறார்கள்? தமிழ்நாட்டில் புதிய இணைப்புகளுக்கு மின்கசிவைத் துண்டிக்கும் கருவி கட்டாயமாகிவிட்டது. பழைய தறிவீடுகள்தான் வெளியே நிற்கின்றன. கூட்டுறவுச் சங்கங்களும் கைத்தறித் துறையும் தறி உபகரணங்கள் கொடுக்கும் பட்டியலில் இந்த ஒரு கருவியையும், அதை மாட்ட ஒரு நாள் ஒயர்மேன் கூலியையும் சேர்க்கக் கேட்பது நியாயமான கோரிக்கை. மோட்டார் வைத்த தறி இருக்கும் வீடுகளில் அதைத் தொடங்கலாம்.